ஆமை தண்ணீரில் இருக்க வேண்டுமா, தரையிலா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

பள்ளி விடுமுறை தொடங்கினால் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரே மாதிரியான படம் வந்துகொண்டே இருக்கும். சோறு வடிக்கும் தட்டு அளவில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி. நடுவில் பிளாஸ்டிக் தென்னை மரம். விரல்கடை அளவுக்குத் தண்ணீர். அதில் ஒரு வெள்ளி நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய பச்சை ஆமை. கூடவே கேள்வி: "அண்ணே, இது தண்ணியில இருக்கணுமா, தரையில இருக்கணுமா?"

இரண்டும் வேண்டும். ஆனால் இரண்டையும் கலந்து பாதிப் பாதியாகக் கொடுக்கக் கூடாது. தண்ணீர் என்றால் முங்கி நீந்துகிற அளவுக்குத் தண்ணீர், தரை என்றால் ஓடு முழுக்கக் காய்கிற தரை. அந்தத் தென்னை மரத் தொட்டியில் இரண்டுமே கிடையாது. அங்கே இருப்பது வெறும் ஈரம். நான் பார்த்த ஆமைச் சீக்குகளில் முக்கால்வாசி அந்த ஈரத்திலிருந்து வந்தவைதான். சிங்கப்பூரின் செங்காங்கில் ஒரு நாலறை வீவக வீட்டில், அதாவது அரசு அடுக்குமாடி வீட்டில், பதினோரு வருடமாக ஓர் ஆமையோடு குடித்தனம் செய்கிறேன். கீழே வருகிற தவறுகளில் சில நானே செய்தவை.

முதலில், உங்களிடம் இருப்பது எந்த ஆமை?

தமிழில் கடலில் நீந்துவதும் ஆமை, குளத்தில் கிடப்பதும் ஆமை, வயலோரம் ஊர்வதும் ஆமை. பெயர் ஒன்று என்பதால் பராமரிப்பும் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம். காலைப் பாருங்கள். விரல்களுக்கு நடுவே சவ்வும் நுனியில் நகமும் இருந்தால் அது குளத்து ஆமை. யானைக்கால் மாதிரி உருண்டு திரண்டிருந்தால் அது நிலத்து ஆமை. அதை ஆழத் தண்ணீரில் விட்டால் கல் மாதிரி மூழ்கிச் செத்துப்போகும்.

சிங்கப்பூரில் சட்டப்படி வீட்டில் வளர்க்கக்கூடிய ஆமைகள் இரண்டுதான்: சிவப்புக் காது ஆமை, மலாயாப் பெட்டி ஆமை. கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு இருப்பது முதலாவது. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கம் அதன் சொந்த ஊர். வயிற்றுப் பக்க ஓட்டில் கீல் இருந்து, தலையையும் காலையும் இழுத்துக்கொண்டு டிபன் டப்பா மாதிரி மூடிக்கொள்வது இரண்டாவது. ஊரிலிருந்து யாராவது நட்சத்திர ஆமையைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தால் வாங்கவே வாங்காதீர்கள். ஓட்டில் மஞ்சள் நட்சத்திரக் கோடுகள் கொண்ட அந்த நிலத்து ஆமை தமிழ்நாடு, ஆந்திரம், இலங்கைப் பக்கத்தது. 2019-இல் அனைத்துலக வணிகத் தடைப் பட்டியலில், அதாவது சைட்டீஸ் முதலாம் பட்டியலில் ஏறிவிட்டது. இங்கே வைத்திருப்பது குற்றம்.

இனி வருவதெல்லாம் சிவப்புக் காது ஆமையைப் பற்றி. பெட்டி ஆமைக்குக் கடைசிக்குப் பக்கத்தில் ஒரு பத்தி இருக்கிறது.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இதைச் செய்யுங்கள்

உணவங்காடியில் இடம்பிடிக்க மேசையில் வைப்போமே, அந்த டிஷ்யூவில் ஒன்றை எடுத்து ஆமை ஏறி உட்காரும் மேட்டில் விரித்து வையுங்கள். பத்து நிமிடம் கழித்து எடுத்துப் பாருங்கள். நனைந்திருந்தால் உங்கள் ஆமைக்குத் தரை இல்லை என்று அர்த்தம், மேடு எவ்வளவு பெரியதாக இருந்தாலும் சரி. இந்த ஊர்க் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் எண்பது விழுக்காட்டைத் தாண்டித்தான் நிற்கும். துணியே ஒரு நாளில் காய மறுக்கிறது, தொட்டிக்குள் இருக்கிற மேடு தானாகக் காயாது. மேட்டுக்கு மேலே சூட்டு விளக்கு போடச் சொன்னால் "இங்க என்ன குளிரா, எதுக்கு விளக்கு?" என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: விளக்கு இங்கே சூட்டுக்கு மட்டும் இல்லை, உலர்த்தவும்தான்.

அப்புறம் ஒரு தெர்மாமீட்டர். தண்ணீர் 25 முதல் 28 டிகிரி, மேட்டின் மேல் 32 முதல் 35 டிகிரி. குஞ்சுக்குத் தண்ணீர் அந்த 28 பக்கமே இருக்கட்டும். இந்த இரண்டு எண்ணும் தெரியாமல் கீழே படிப்பதில் பாதிப் பயன்தான்.

தண்ணீரை விட்டு ஏறவே மாட்டேன் என்கிறது

வாங்கிவந்து ஒரு வாரம் ஆகவில்லை என்றால் பயம்தான், விட்டுவிடுங்கள். நீங்கள் அறைக்குள் வரும்போது 'தொப்'பென்று குதிக்கும் சத்தம் கேட்டால், நீங்கள் இல்லாதபோது அது ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.

ஒரு மாதமாகியும் ஏறவில்லையா? மேட்டைக் கையால் அழுத்திப் பாருங்கள். உறிஞ்சிக் கப் ஒட்டிய மிதவை மேடுகள் கடையில் பார்க்க நன்றாக இருக்கும். ஆமை 12 செ.மீ வளர்ந்ததும் ஏறும்போதே ஒரு பக்கம் அமிழும். இரண்டு தடவை வழுக்கி விழுந்த ஆமை மூன்றாம் தடவை முயலாது. ஏறும் சரிவு செங்குத்தாகவோ வழவழப்பாகவோ இருந்தாலும் இதே கதை. நான் ஒரு செங்கலும் மேலே சொரசொரப்பான ஒரு தரை ஓடும் வைத்துச் சரிசெய்தேன், செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

மேடு உறுதியாக இருந்தும் ஏறவில்லை என்றால் தெர்மாமீட்டருக்குப் போங்கள். தண்ணீரும் மேடும் ஒரே சூட்டில் இருந்தால் அது எதற்காக ஏற வேண்டும்? மதிய வெயில் படுகிற தாழ்வாரத்தில் சின்னத் தொட்டியின் தண்ணீரே 31, 32 ஆகிவிடும். தொட்டியை நிழலுக்கு நகர்த்தி, விளக்கை மேட்டுக்கு மட்டும் கொடுங்கள். தண்ணீரை விட மேடு ஐந்தாறு டிகிரியாவது கூட இருக்க வேண்டும்.

மேட்டிலேயே கிடக்கிறது, தண்ணீரில் இறங்கவே இல்லை

முந்தையதைவிட இதற்கு நான் அதிகம் பயப்படுவேன். வெயில் காய்வதற்கும் தண்ணீரிலிருந்து தப்பித்து உட்கார்ந்திருப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. வெயில் காயும் ஆமை பின்கால்களை நீட்டி, கழுத்தை நீட்டி, ஏதோ பென்ஷன் வாங்கியவர் சாய்வு நாற்காலியில் கிடப்பதுபோல் கிடக்கும். தப்பித்து உட்கார்ந்திருப்பது ஒடுங்கி, விளக்கு அணைந்த பிறகும், இரவிலும் அங்கேயே இருக்கும்.

முதல் சந்தேகம் தண்ணீர்மேல். மீன் கடையில் கிடைக்கும் சோதனைப் பெட்டி வாங்கி அமோனியா, அதாவது கழிவிலிருந்து தண்ணீரில் சேரும் நச்சு, இருக்கிறதா என்று பாருங்கள். பூஜ்ஜியத்துக்கு மேல் எது வந்தாலும் தப்பு. இரண்டாவது சந்தேகம் குளிர். படுக்கையறையில் தொட்டி இருக்கிறதா, இரவில் ஏர்கான் ஓடுகிறதா? மூன்றாவது நுரையீரல். அது அடுத்த தலைப்பு. பெண் ஆமையாக இருந்து, கூடவே பின்கால்களால் எதையாவது தோண்டுகிறதா என்றும் பாருங்கள். அப்படியானால் அதற்கும் கீழே ஒரு தலைப்பு இருக்கிறது.

ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதக்கிறது

என் ஆமைக்கு இரண்டு வயதில் வந்தது. மகன் தன் அறையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அடம்பிடித்தான், சரி என்று தொட்டியை அங்கே மாற்றினோம். பகல் முழுக்க அறை 31 டிகிரி, இரவு ஏர்கான் 23. பத்து நாள் இப்படிப் போனது. ஒரு காலையில் பார்த்தால் இடது பக்கம் தாழ்ந்து, வலது பக்கம் மேலே தூக்கி, பழுதான படகு மாதிரி வட்டமடித்துக்கொண்டிருந்தது. கீழே முங்கப் பார்க்கும், முடியாமல் கார்க் மாதிரி மேலே வந்துவிடும். மூக்கில் ஒரு சின்னக் குமிழ், உடைந்து, மறுபடி ஊறும். வாயைத் திறந்து மூச்சு இழுத்தபோது 'கீச்' என்று ஒரு சத்தம் வந்தது. ஆமை சத்தம் போடும் என்றே அதுவரை எனக்குத் தெரியாது.

அது நிமோனியா. ஒரு நுரையீரலில் நீர் சேர்ந்தால் அந்தப் பக்கம் கனத்துத் தாழும். நமக்கு இருப்பதுபோல் தசையாலான உதரவிதானம் ஆமைக்குக் கிடையாது. அதனால் நன்றாக இருமித் துப்ப முடியாது. சேர்ந்தது உள்ளேயே கிடக்கும். இது தானாகச் சரியாகும் என்று காத்திருக்கிற வியாதி இல்லை. எங்களுக்கு எக்ஸ்ரேயும், மூன்று நாளுக்கு ஒருமுறை முன்காலில் ஊசியும் ஆயிற்று. ஊசியை ஏன் முன்காலில் போடுகிறார்கள் என்று கேட்டேன். பின்காலில் போட்டால் இரத்தம் சிறுநீரகம் வழியாகப் போய் மருந்து சீக்கிரம் வெளியேறிவிடலாம் என்றார் மருத்துவர்.

மருத்துவரிடம் போகும்வரை செய்ய வேண்டியது: தண்ணீரைக் குறையுங்கள். மூழ்கி நீந்துவதற்கு அதற்குத் தெம்பு கிடையாது. நின்றால் தலை வெளியே வருகிற அளவு போதும். அறை ஏர்கானை நிறுத்துங்கள். தண்ணீரை 28, 29 டிகிரியில் வையுங்கள். ஆமையின் உடம்புச் சூடு வெளியிலிருந்து வருவது, குளிரில் அதன் எதிர்ப்புச் சக்தியும் படுத்துவிடும். மனிதருக்கான ஆண்டிபயாடிக்கைப் பொடித்துத் தண்ணீரில் போடாதீர்கள்.

சாய்வு இல்லாமல் சமமாக மிதந்துகொண்டு, மூக்கு சுத்தமாக இருந்து, தீனியும் கேட்கிறதென்றால் பெரும்பாலும் வயிற்றில் வாயு. இரண்டு வேளைத் தீனியை நிறுத்திப் பாருங்கள். இரண்டு நாளில் முங்கவில்லை என்றால் அதுவும் மருத்துவர் வேலைதான்.

கண் வீங்கி மூடியிருக்கிறது

"என்ன தீனி?" என்று கேட்பேன். "காய்ந்த இறால்" என்று வரும், பத்தில் எட்டு முறை. வெறும் காய்ந்த இறால் என்பது குழந்தைக்கு மூன்று வேளையும் முறுக்கு கொடுப்பதுபோல. வைட்டமின் ஏ குறைந்து, கண்ணிமை தடித்து, கண் தெரியாததால் தீனியைத் தேடாமல், தீனி தேடாததால் இன்னும் குறைந்து… இப்படி ஒரு சுழல். நல்ல உருண்டைத் தீனிக்கு மாறி, கங்கோங் கீரை, துருவிய கேரட், பூசணி என்று கொடுங்கள். குஞ்சுக்குத் தினமும் தீனி, ஓடு 12, 13 செ.மீ தாண்டியதும் உருண்டைத் தீனி ஒருநாள் விட்டு ஒருநாள், கீரை தினமும். பசலைக் கீரையைத் தினமும் கொடுக்காதீர்கள், அதிலுள்ள ஆக்ஸாலிக் அமிலம் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

தீனி சரியாக இருந்தும் கண் வீங்கினால் தண்ணீரைப் பாருங்கள். அமோனியா கண்ணைத்தான் முதலில் எரிக்கும். வைட்டமின் ஏ ஊசியை யாரோ சொன்னார்கள் என்று போட்டுவிடாதீர்கள். அளவு மிஞ்சினால் தோல் உரிந்து புண்ணாகிவிடும்.

ஓடு அழுத்தினால் அமுங்குகிறது

சில மாதக் குஞ்சுக்கு ஓடு லேசாக வளைந்துகொடுக்கும், அது இயல்பு. வளர்ந்த ஆமைக்கு ஓடு கல் மாதிரி இருக்க வேண்டும். அமுங்கினால் சுண்ணாம்புச் சத்தும் யூவிபி ஒளியும், அதாவது வெயிலில் இருக்கும் ஒரு வகைப் புற ஊதாக் கதிரும், இல்லை. "சன்னல் பக்கத்துலதான் வெச்சிருக்கேன், நல்லா வெயில் வருது" என்பார்கள். சன்னல் கண்ணாடி சூட்டை விடும், யூவிபியை விடாது. ஆமை கண்ணாடிக்குப் பின்னால் வேகும், ஓடு மட்டும் கெட்டியாகாது.

யூவிபி விளக்கு வாங்கினால் பெட்டியில் தேதி எழுதி ஒட்டுங்கள். எரிந்துகொண்டே இருக்கும், ஆனால் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் யூவிபி குறைந்துபோயிருக்கும். நம் கண்ணுக்குத் தெரியாது. நேரடி வெயிலுக்கு இணை எதுவுமில்லை என்பதால் காலை ஒன்பது மணிவாக்கில் இருபது நிமிடம் வெளியே வைப்பது நல்லது. பாதித் தொட்டி நிழலில் இருக்கட்டும், நீங்களும் பக்கத்திலேயே இருங்கள். நிழல் இல்லாத சின்னத் தொட்டியில் ஆமையை விட்டுவிட்டுத் துணி காயப்போடப் போன ஒருவருக்கு என்ன நடந்தது என்பதை எழுத எனக்கு மனமில்லை.

ஓட்டில் வெள்ளைப் புள்ளி, உரிதல், நாற்றம்

மெல்லிய, கண்ணாடித் தாள் மாதிரியான செதில் முழுசாகக் கழன்று வந்து, கீழே புது ஓடு பளபளத்தால் அது வளர்ச்சி. பிய்த்து எடுக்காமல் விடுங்கள்.

மேடு ஈரமாகவே இருக்கும் வீடுகளில் வருவது வேறு. வெள்ளையாகவோ மஞ்சளாகவோ ஒரு திட்டு, நகத்தால் தொட்டால் மாவு மாதிரி, பிறகு குழி, பிறகு நாற்றம். ஓட்டழுகல். முகர்ந்து பாருங்கள், மூக்கு பொய் சொல்லாது. ஆரம்ப நிலையில், அதாவது நாற்றமும் குழியும் இல்லாதபோது, ஆமையைத் தினமும் சில மணி நேரம் காய்ந்த பெட்டியில் துணி விரித்து உலரவிட்டு, புண்ணுக்குப் போடும் கிருமிநாசினியான போவிடோன் அயோடினை வெளிர் டீ நிறத்தில் நீர்த்துத் துணியில் தொட்டுப் பூசி, காய்ந்தபின் தண்ணீருக்கு அனுப்பலாம். முழு நாளும் உலர்த்தக் கூடாது. ஆமைக்கு எச்சில் ஊறி விழுங்கும் வசதி இல்லை. தண்ணீருக்குள் தலை இருந்தால்தான் தீனி தொண்டையில் இறங்கும். உலர்த்துகிறேன் என்று பட்டினி போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். குழி, சிவப்பு, நாற்றம், இதில் எது இருந்தாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம்.

ஓட்டில் பச்சைப் பாசி இருந்தால் பழைய பல்துலக்கியால் தேயுங்கள். பற்பசை வேண்டாம். கேட்டிருக்கிறார்கள், அதனால் சொல்கிறேன்.

கண்ணாடியைப் பிராண்டுகிறது, இரவெல்லாம் சத்தம்

பெரும்பாலும் இடம் போதவில்லை. ஓட்டின் நீளத்தில் ஒவ்வொரு இரண்டரை செ.மீக்கும் கிட்டத்தட்ட 40 லிட்டர் தண்ணீர் என்பது கணக்கு. பெண் ஆமை 25 செ.மீ வரை போகும், சில அதையும் தாண்டும். நாணயம் அளவில் வாங்கியது கடைசியில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வரும். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டியை நிரப்பினால் 250 லிட்டர், அதாவது கால் டன். வாங்குமுன் எங்கே வைப்பது என்று மனைவியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆழத்துக்கும் ஒரு காரணம் இருக்கிறது. ஓட்டின் நீளத்தைப்போல் ஒன்றரை, இரண்டு மடங்கு ஆழம் கொடுங்கள். நல்ல ஆழத்தில் மல்லாந்த ஆமை புரண்டுவிடும். ஓட்டின் அகலத்தைவிடக் குறைந்த தண்ணீரில் மல்லாந்தால் தலைகீழாகச் சிக்கிக்கொள்ளும். 'மூழ்கிவிடுமோ' என்று பயந்து தண்ணீரைக் குறைப்பவர்கள்தான் மூழ்கடிக்கிறார்கள்.

இடம் போதுமானதாக இருந்தும் திடீரென்று பிராண்டல் தொடங்கினால்? எங்கள் ஆமைக்கு மகன் வைத்த பெயர் மாப்பிள்ளை. ஏழாம் வருடம், ஒரு வாரமாகத் தீனி வேண்டாம் என்றது. இரவு இரண்டு மணிக்கு டொக், டொக் என்று கண்ணாடியில் ஓடு மோதும் சத்தம். மேட்டில் ஏறிப் பின்கால்களால் தரை ஓட்டை மாற்றி மாற்றிச் சுரண்டியது. நான் நோய் என்று நினைத்து இணையத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். காலையில் பால் வாங்கப் போகுமுன் பார்த்தால், தண்ணீருக்கடியில் நீள்வட்டமாக, கட்டை விரல் நீளத்தில் நாலு வெள்ளை முட்டை. ஐந்தாவதை அதுவே தின்றுகொண்டிருந்தது. அம்மாவுக்கு ஃபோன் போட்டு, "மாப்பிள்ளை முட்டை போட்டுட்டாரு" என்றேன். அம்மா முதலிலிருந்தே 'ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது' கட்சி. இரண்டு நிமிடம் மௌனம். "அப்ப மாப்பிள்ளைக்குப் புளிக்குழம்பு குடுத்து அனுப்பவா?" என்றார்.

முன்கால் நகம் நீண்டு, வால் தடித்திருந்தால் ஆண். நகம் குட்டையாக, உடம்பு பெரிதாக இருந்தால் பெண். குஞ்சில் இது தெரியாது, வளர்ந்ததும் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. ஆண் துணை இல்லாமலேயே பெண் ஆமை கருவில்லாத முட்டை போடும். அதற்கு மண் தேவை: ஆமையைவிட மூன்று, நாலு மடங்கு நீளமுள்ள பெட்டியில், பிடித்தால் பிடி நிற்கிற அளவு ஈரமான மணல், இருபது செ.மீக்குக் குறையாத ஆழம், இருட்டும் அமைதியும். தரை என்பது வெயில் காய்வதற்கு மட்டுமில்லை என்பது எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான். முக்கிக்கொண்டே இருந்து முட்டை வராமல் சோர்ந்துபோனால் முட்டை சிக்கியிருக்கிறது என்று பொருள். அன்றே மருத்துவமனை.

சாப்பிட மாட்டேன் என்கிறது

வாங்கிய முதல் வாரம், தண்ணீர் 24 டிகிரிக்குக் கீழ், முட்டைக் காலம், அதிகத் தீனி போட்டு முந்தின நாள் கொழுத்தது. இந்த நான்கையும் தள்ளிவிட்டு, வளர்ந்த ஆமை ஒரு வாரம், குஞ்சு மூன்று நாள் தொடாமல் இருந்தால் போய்க் காட்டுங்கள். ஒரு வேளைக்குத் தீனி அதன் தலை அளவுதான். இது எல்லார் வீட்டிலும் மீறப்படும் விதி, என் வீட்டையும் சேர்த்து.

தண்ணீர் கலங்கி நாறுகிறது

மீனுக்கான ஃபில்டரை நம்பாதீர்கள், ஆமையின் கழிவு மீனைவிடப் பல மடங்கு. தொட்டியின் அளவைப்போல் இரண்டு, மூன்று மடங்கு தண்ணீருக்கான ஃபில்டர் வாங்குங்கள், அல்லது தீனி வேளைக்கு மட்டும் ஆமையை வேறு வாளிக்கு மாற்றுங்கள். வாரம் ஒருமுறை கால்வாசி முதல் பாதித் தண்ணீரை மாற்றலாம்.

குழாய்த் தண்ணீரை ஒரு இரவு வைத்தால் குளோரின் போய்விடும் என்று நம் ஊர் மீன் வளர்த்தவர்கள் சொல்வார்கள். இங்கே அது எடுபடாது. சிங்கப்பூர்க் குழாய் நீரில் இருப்பது குளோரமைன், அது லேசில் ஆவியாகாது. ஆமை அதைத் தாங்கிக்கொள்ளும், ஃபில்டருக்குள் அழுக்கைத் தின்று வாழும் நல்ல பாக்டீரியா தாங்காது. பாக்டீரியா செத்தால் அமோனியா ஏறும், மேலே சொன்ன கண்ணெரிச்சலும் தப்பி ஓடுவதும் தொடங்கும். குளோரமைனுக்கான நீர்ப் பக்குவப் பொருளை மீன் கடையில் கேட்டு வாங்குங்கள்.

தாழ்வாரத்தில் தொட்டி வைத்திருந்தால் கொசுவையும் நினைவில் வையுங்கள். ஆமை புழுவைத் தின்னும்தான், ஆனால் மேட்டுக்கடியில் தேங்கிய தண்ணீருக்கு அது போகாது. டெங்கிச் சோதனைக்கு வருகிறவர் ஆமையைப் பார்த்துச் சிரிக்கலாம், புழுவைப் பார்த்தால் சிரிக்க மாட்டார்.

தொட்டியைக் கழுவிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், சமையல் தொட்டியில் ஆமைத் தொட்டியைக் கழுவாதீர்கள். ஆரோக்கியமான ஆமையிடமும் சால்மொனெல்லா கிருமி இருக்கும். அமெரிக்காவில் 1975-இல் நாலு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைக் குஞ்சுகளை விற்கத் தடை போட்டதே குழந்தைகள் அவற்றை வாயில் வைத்து நோய்ப்பட்டதால்தான்.

என்னிடம் இருப்பது பெட்டி ஆமை

இது இந்தப் பக்கத்துச் சதுப்பு, ஓடை, வயல் ஆமை. நீந்தும், ஆனால் சிவப்புக் காதைப்போல் ஆழத்தில் நாள் முழுக்க ஓடாது. கழுத்தளவு தொடங்கிச் சரிவாகக் குறைந்து கரையேறும் தண்ணீர், கரையில் இலைச்சருகும் ஈரமண்ணும் ஒளிந்துகொள்ள ஒரு மூலையும் வேண்டும். குஞ்சு தண்ணீரிலேயே பெரும்பகுதி இருக்கும், வளர வளரக் கரைக்கு வரும். இதற்குத் தரை கொஞ்சம் ஈரமாக இருந்தால் பரவாயில்லை, டிஷ்யூ சோதனையை இதற்கு வைக்காதீர்கள்.

சமாளிக்க முடியவில்லை, குளத்தில் விட்டுவிடலாமா?

கூடாது. பூங்காக் குளத்துக் கட்டைகளில் வரிசையாக வெயில் காயும் சிவப்புக் காதுகள் அப்படி விடப்பட்டவைதான், அல்லது அவற்றின் பிள்ளைகள். உலகின் மிக மோசமான நூறு அயல் ஊடுருவி இனங்களின் பட்டியலில் இந்த ஆமையும் உண்டு. இங்கத்து ஆமைகளின் கட்டையையும் தீனியையும் பறித்துக்கொள்ளும். புத்தர் பிறந்தநாளான விசாக நாளில் புண்ணியத்துக்காக விடுகிறவர்களைத் தேசியப் பூங்காக் கழகத்தின் தொண்டூழியர்கள் வருடாவருடம் நின்று தடுக்கிறார்கள். செல்லப் பிராணியைக் கைவிடுவது சட்டப்படி குற்றம், 10,000 வெள்ளி வரை அபராதமோ, சிறையோ, இரண்டுமோ உண்டு. முப்பது வருடம் வாழும் பிராணி இது. ஆள் தேடிக் கையில் கொடுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது

எல்லா விலங்கு மருத்துவமனையும் ஆமை பார்ப்பதில்லை, முதலில் ஃபோன் செய்து கேளுங்கள். காற்றுத் துளை போட்ட பெட்டியில் ஈரத் துண்டு விரித்து ஆமையை வையுங்கள். தண்ணீர் வேண்டாம், வண்டி திரும்பும்போது அலைந்து மூக்கில் ஏறும். டாக்சியில் ஏறியதும் ஏர்கானைக் குறைக்கச் சொல்லுங்கள். வீட்டை விட்டுக் கிளம்புமுன் தொட்டியை ஒரு படம், விளக்கின் பெட்டியை ஒரு படம், தீனி டப்பாவை ஒரு படம், தெர்மாமீட்டரை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் ஆமையைப் பார்ப்பதற்கு முன்னால் அதைத்தான் கேட்பார்.